அப்பா இருந்த டாங்கியை 1/35 அளவில் செய்வது எப்படி?

டாங்கி மாடல் செய்ய வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெட்டிப் படம் முக்கியமே இல்லை. வீட்டு ஆல்பத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் இருக்கும். டாங்கியின் மூக்கில் கை ஊன்றி நிற்கும் அந்த இருபது வயதுப் பையன்தான் இன்று எண்பதை நெருங்கும் அப்பா. அந்த டாங்கிதான் வேண்டும், அதே மாதிரி வேண்டும். இந்த ஆசையோடு வருகிறவர்களுக்கு வேலையின் வரிசை கொஞ்சம் மாறும். கிட் (பாகங்கள் அடங்கிய மாடல் பெட்டி) வாங்குவது மூன்றாவது படி. முதல் இரண்டும் அப்பாவோடு உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 1971 போரில் கிழக்கு முனையில் ஓடிய பி.டி.-76. சோவியத் தயாரிப்பு, 14 டன், உள்ளே மூன்றே பேர், தண்ணீரில் மிதக்கும். படைவீரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பிப்பா’, அதாவது நெய் டின். புதியவர்களுக்கு இது நல்ல தேர்வு. உடல் தட்டையான பலகைகளாலானது, மேலே டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தாங்கும் உருளைகள் கிடையாது, வெளியே தொங்கும் சில்லறைச் சாமானும் குறைவு. வேறு டாங்கி என்றாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

எந்த டாங்கி என்று உறுதி செய்வது

"அப்பா டாங்கிப் படையில் இருந்தார்" என்பது போதாது. ரெஜிமென்ட்டின் பெயரும் வருடமும் தெரிய வேண்டும். இரண்டும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பதக்கங்களைப் பாருங்கள். ‘பூர்வி ஸ்டார்’ இருந்தால் 1971இல் கிழக்கு முனை. ‘பஸ்சிமி ஸ்டார்’ இருந்தால் மேற்கு முனை. ‘சமர் சேவா ஸ்டார்’ 1965 போருக்குரியது. ‘சங்கிராம் பதக்கம்’ மட்டும் இருந்தால் அதை வைத்து முனையைச் சொல்ல முடியாது. அது பரவலாக வழங்கப்பட்டது. பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ரெஜிமென்ட் தெரிந்தால் வண்டி தெரியும். 1971இல் கிழக்கே 45 கேவல்ரியும் 69 ஆர்மர்டு ரெஜிமென்ட்டும் பி.டி.-76 வைத்திருந்தன. மேற்கே பசந்தர் ஆற்றங்கரையில் சண்டையிட்ட 17 பூனா ஹார்ஸிடம் இருந்தது செஞ்சூரியன் டாங்கி. 1965இல் சியால்கோட் பகுதியில் இறங்கிய 16 கேவல்ரியிடமும் செஞ்சூரியன்தான். தென்னிந்திய வீரர்கள் சேர்ந்த பழைய ரெஜிமென்ட் என்பதால் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெயர் அடிக்கடி வரும். இதே ரெஜிமென்ட் 1945இல் பர்மாவின் மெய்க்டிலாவை நோக்கிப் போனபோது ஓட்டியது டாங்கியை அல்ல, கவச கார்களை. தாத்தா 16 கேவல்ரியில் இருந்தார் என்பதற்காக ஷெர்மன் டாங்கி கிட் வாங்கிவிடாதீர்கள்.

காகிதமும் பதக்கமும் இல்லை, அப்பாவும் இல்லை என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்கலாம். ஓய்வூதியக் காகிதங்களில் படை எண் இருக்கும். கவசப் படையின் ஆவண அலுவலகம் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) இருக்கிறது. அதே ஊரில் உள்ள கேவல்ரி டாங்க் மியூசியத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செஞ்சூரியன், விஜயந்தா, பிடிபட்ட பாட்டன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். வெல்டிங் தையல் எவ்வளவு தடிப்பு, வார்ப்பு இரும்பின் சொரசொரப்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் புகைப்படத்தில் பிடிபடாது.

அப்பாவிடம் எதைக் கேட்பது

"போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். தண்ணீர் கேனை எங்கே கட்டினீர்கள்? படுக்கைச் சுருள் டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி) பின்னாலா, இன்ஜின் மூடியின் மேலா? ஏறும்போது முதல் காலை எங்கே வைப்பீர்கள்? மண்வெட்டி எந்தப் பக்கம்? உருமறைப்பு வலை இருந்ததா, இல்லை வைக்கோலும் கிளையும்தானா? சமையல் எதில்?

இந்தக் கேள்விகளுக்குக் கை தானாகக் காற்றில் எழுந்து இடத்தைக் காட்டும். அப்போது ஒரு தாளும் பென்சிலும் அவர் முன்னால் இருக்கட்டும். டாங்கியை மேலிருந்து, இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் என நான்கு கோட்டுப் படங்களாக அச்செடுத்து வைத்தால் அவரே குறிப்பார். எழுத்து பெரிதாக, கோடு தடிப்பாக இருக்கட்டும். ஒரு முறைக்கு அரை மணி நேரம் போதும்.

ஏறும்போது முதல் கால் வைக்கும் இடத்தைக் கேட்பதற்கு நேரடிக் காரணம் உண்டு: அந்த இடத்தில்தான் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரியும். பூட்ஸ் சேறு படிவதும் அங்கேதான். உடல் முழுக்கக் கீறல் போட்டு வைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. மூன்று பேர் தினமும் ஏறி இறங்கிய வண்டியில் தேய்மானத்துக்கு ஒரு பாதை இருக்கும்.

அவர் நினைவும் படமும் முரண்படும் இடங்கள் வரும். "வண்டி கறுப்பு" என்பார். கரும்பச்சைப் பெயின்ட் பனியில் நனைந்தால், பொழுது விடியாத வெளிச்சத்தில் கறுப்புதான். அவரைத் திருத்த வேண்டாம். அவர் பார்த்தது அதுதான். வண்டியின் வடிவத்துக்குப் புகைப்படத்தை நம்புங்கள். எது எங்கே கட்டியிருந்தது, சேறு எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு அவரை நம்புங்கள். கூட இருந்தவர்கள் யாரையாவது இழந்திருக்கிறார் என்று தெரிந்தால் மாடலில் மனித உருவம் வைக்க வேண்டாம். அவரே கேட்டால் வைக்கலாம்.

கிட்

1/35இல் பி.டி.-76க்கு டிரம்பெட்டர் நிறுவனத்தின் கிட் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட வகையில். வாங்குமுன் வீட்டுப் படத்தில் பீரங்கியின் நுனியைப் பாருங்கள். முந்தைய வகைக் குழலின் நுனியில் வரிசையாகப் பல துளைகள் இருக்கும். பிந்தைய வகையில் நுனியிலுள்ள பின்னுதைப்புத் தடுப்பு (மஸல் பிரேக்) இரண்டு அறையாக இருக்கும், குழலில் புகை இழுக்கும் உருண்டைப் பகுதியும் இருக்கும். இதில் தவறினால் பின்னால் சரி செய்வது கடினம். படத்தில் நுனி தெரியவில்லை என்றால், அதே ரெஜிமென்ட்டின் அதே வருடத்துப் படம் வேறு யாரிடமாவது கிடைக்கும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

உண்மையான வண்டி, குழலோடு சேர்த்து ஏறக்குறைய 7.63 மீட்டர் நீளம், 3.14 மீட்டர் அகலம். 35ஆல் வகுத்தால் 218 மில்லிமீட்டரும் 90 மில்லிமீட்டரும் வரும். அலமாரித் தட்டை இப்போதே அளந்துகொள்ளுங்கள். இந்த வகுத்தல் கடைசிவரை கூடவே வரும்: ஐந்தரை அடி ஆள் 48 மில்லிமீட்டர், 47 செ.மீ. உயர ஜெரி கேன் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10 செ.மீ. உயர எழுத்து 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

கருவிகள்

முதல் மாடலுக்கு இவ்வளவு போதும்: பிளாஸ்டிக் வெட்டும் நிப்பர் ஒன்று (ஒயர் வெட்டும் கட்டர் வேண்டாம், அது நசுக்கும்), கூர்க்கத்தியும் பத்து பிளேடும், 400, 800, 1000 எண் உப்புத்தாள், கூர்நுனிச் சாமணம், தமியா எக்ஸ்ட்ரா தின் பசை, கொஞ்சம் சூப்பர் குளூ, ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, துணி கிளிப் ஆறு. கண்ணாடித் துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேசை மட்டமாக இருக்கிறது என்று நம்பித்தான் நிறைய டாங்கிகள் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

வெட்டி ஒட்டுதல்

கிட் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, ஒரு இரவு நிழலில் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பாகத்தைச் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி. கையில் எடுத்த பிறகு மிச்சக் காம்பை இரண்டாவது வெட்டில் எடுத்து 400 தாளால் தேயுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் பிய்ந்து பாகத்தில் வெள்ளைக் குழி விழும். பெயின்ட் அடித்த பிறகும் அந்தக் குழி தெரியும்.

ஒவ்வொரு இணைப்பையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையின் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும். பசை தானே உள்ளே ஓடும். இந்தப் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கிறது. அதனால் பெயின்ட் பூசிய பரப்பில் வேலை செய்யாது, உலோகத் தகட்டிலும் பிடிக்காது. உலோகத் தகட்டுக்குத்தான் சூப்பர் குளூ. விரல் இடுக்கின் மேல் இருந்தால் பசை விரலடியிலும் ஓடி ரேகையை அப்படியே பதித்துவிடும்.

மேல் உடலும் கீழ் உடலும் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி விழுவது சகஜம். பசை விட்டு, கிளிப் போட்டு, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். உள்ளே மென்மையாக இருக்கும்போதே தேய்த்தால் அன்றைக்குச் சமமாகத் தெரியும்; ஒரு வாரம் கழித்துக் கரைப்பான் முழுக்க ஆவியானதும் அந்தக் கோடு மீண்டும் அமிழ்ந்து காட்டும்.

பீரங்கிக் குழலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். இரண்டு பாதியாக வரும் குழலை ஒட்டியபின் தையலைக் குறுக்கே தேய்த்தால் உருண்டை தட்டையாகிவிடும். உப்புத்தாளைக் குழலைச் சுற்றி வளைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னும் இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை குழலைக் கால் திருப்புத் திருப்புங்கள்.

டரட்டின் பெரிய மூடியைத் திறந்து வைக்க விரும்பினால் அது முன்பக்கமாகத் திறக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரே பெரிய மூடி. திறந்தால் முன்னால் கேடயம் போல நிற்கும். பின்னால் சாய்த்து ஒட்டியிருந்தால், அதில் ஏறி இறங்கியவர் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். ஓட்டுநரின் மூடி உடலின் முன்னே நட்டநடுவில், பீரங்கிக்கு அடியில். மூக்கில் மடித்து வைத்திருக்கும் அலைத்தடுப்புப் பலகையையும், பின்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சும் இரண்டு வாய்களின் மூடிகளையும் மெல்லிய ஓரத்தோடு வைத்திருங்கள். கிட்டில் ஓரங்கள் சற்றுத் தடிப்பாக வரும். 800 தாளில் பின்புறமாகத் தேய்த்தால் தகடு போலத் தெரியும்.

சக்கரமும் டிராக்கும்

பக்கத்துக்கு 6, மொத்தம் 12 சக்கரம். அச்சுக் கைகளை ஒட்டியதும், பசை இறுகுமுன் சக்கரங்களை ஒட்டாமல் மாட்டி வண்டியைக் கண்ணாடியின் மேல் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி இழுத்துப் பாருங்கள். எங்கே காகிதம் தடையில்லாமல் வருகிறதோ அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை; அந்தக் கையை இப்போதே கீழே அழுத்துங்கள். பிறகு இரும்பு ஸ்கேலைப் பக்கவாட்டில் வைத்து ஆறும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பெயின்ட் வேலை முடியும்வரை சக்கரங்களை ஒட்ட வேண்டாம்.

பல்சக்கரம் பின்னால் இருக்கிறது. இந்த ஒரு விவரத்திலிருந்து டிராக்கின் தோற்றம் முழுக்க வருகிறது. வண்டி முன்னால் போகும்போது பல்சக்கரம் தரையிலுள்ள பாதியை இழுக்கும். அது விறைப்பாக இருக்கும். மேல் பாதி தளர்ந்து சக்கரங்களின் தலையில் படுத்துக்கொள்ளும், இரண்டு சக்கரத்துக்கு நடுவே லேசாகத் தொய்யும். ரப்பர் பட்டையாக வந்த டிராக்கை அப்படியே மாட்டினால் மேல் பாதி விறைப்பாகக் காற்றில் நிற்கும். பொம்மை என்று காட்டிக்கொடுப்பது இதுதான். சக்கரத் தலைகளில் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து, டிராக்கின் மேல் பஞ்சை அடைத்து அழுத்தி, இரவு முழுக்க விடுங்கள்.

தனித்தனிக் கண்ணிகளாக வந்திருந்தால் ஒரு நீண்ட ஸ்கேலின் ஓரமாக வரிசையாக அடுக்கி, எக்ஸ்ட்ரா தின் பசையைக் கண்ணி இடுக்குகளில் தொட்டுக்கொண்டே போங்கள். 40, 45 நிமிடத்தில் வரிசை துவளும், ஆனால் பிரியாது. அந்த நேரத்தில்தான் சக்கரங்களைச் சுற்றி வளைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் விட்டால் ஒடியும். கண்ணிகளின் முகம் இரண்டு பக்கமும் ஒரே திசை நோக்கி இருக்கிறதா என்று வளைக்குமுன் பாருங்கள்.

பெயின்ட்

இங்கே நம் ஊர் வானிலை குறுக்கே வரும். வடகிழக்குப் பருவமழை நாளில் லாக்கர் வகை ஸ்ப்ரே பிரைமரை அடித்தால் ஈரம் அதில் சிக்கிப் பால் போல வெளுக்கும். மழை விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். அவசரம் என்றால் ஏசி ஒரு மணி நேரம் ஓடிய அறையில் பாகத்தை வைத்து ஈரம் போக்கி, உடனே அடித்து, மீண்டும் அதே அறையில் காய வையுங்கள்; அடிப்பது மட்டும் காற்றோட்டமான இடத்தில். மே மாதத்தில் சிக்கல் எதிர்த் திசையில் வரும். ஏர்பிரஷிலிருந்து கிளம்பும் துளி பரப்பைத் தொடுமுன்னே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து, தூரத்தையும் குறையுங்கள். எந்தப் பருவமாக இருந்தாலும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி கட்டாயம். மருத்துவமனை முகமூடி தூசியைப் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது.

ஏர்பிரஷ் என்றால் தமியா அக்ரிலிக்கை அதன் சொந்தத் தின்னரோடு பாதிக்குப் பாதி கலந்து, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 8 முதல் 10 செ.மீ. தூரத்தில் அடியுங்கள். ஒரே பூச்சில் மூட நினைக்காமல் மூன்று மெல்லிய பூச்சாகப் போங்கள். கைத் தூரிகைதான் இருக்கிறது என்றால் தமியா வேண்டாம். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிவிடும். வல்லெஹோ அக்ரிலிக்கைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கலந்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே முழுக்கக் காயவிட்டு மூன்று முறை பூசுங்கள்.

நிறம்? வீட்டுப் படம் கலரில் இருந்தாலும் அதிலிருந்து நிறத்தை எடுக்காதீர்கள். எழுபதுகளின் கலர் பிரின்ட்டில் நீலப்பச்சைச் சாயம் மங்கிச் செம்மை ஏறியிருக்கும். பச்சை டாங்கி அதில் காவியாகத் தெரியும். தொடங்குவதற்கு ஒரு கலவை, தமியா நிற எண்களில்: எக்ஸ்எஃப்-61 ஆறு பங்கு, எக்ஸ்எஃப்-58 மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-57 ஒரு பங்கு. கடைசிப் பங்கு பழுப்பு வெளிர்நிறம். சிறிய பொருளில் கரும்பச்சை உள்ளதைவிட இருண்டு தெரியும். அதை ஈடுகட்டத்தான் இது. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் பின்புறத்தில் அடித்துக் காயவைத்து அப்பாவிடம் காட்டுங்கள். மூன்று ஸ்பூன், மூன்று சாயல். ஒன்றைக் காட்டினால் "சரி சரி" என்பார். மூன்றைக் காட்டினால் தேர்ந்தெடுப்பார்.

சக்கரத்தின் ரப்பர் ஓரத்துக்கு எக்ஸ்எஃப்-85. சுத்தக் கறுப்பு எங்கேயும் வேண்டாம்.

எண்ணும் சின்னமும்

கிட்டோடு வரும் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் சோவியத் வண்டிகளுக்கு. அப்பாவின் வண்டி எண் படத்தில் தெரிந்தால் அதை மட்டும் போடுங்கள். தெரியாத எண்ணைக் கற்பனையில் எழுதுவதைவிட, அந்த இடத்தில் சேறு தெறித்து மறைந்ததாகக் காட்டுவது நேர்மை. எண்ணைத் தூரிகையால் எழுத வராது. வினைல் தாளில் எழுத்துகளை வெட்டி எடுத்து, ஓட்டை விழுந்த தாளை வண்டியில் ஒட்டி, ஸ்பாஞ்சுத் துண்டில் வெள்ளையைத் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் துடைத்துவிட்டு, மிச்சத்தால் ஒற்றுங்கள். களத்தில் கையால் அடித்த எண்ணுக்குரிய லேசான ஓரக் கசிவு தானே வரும்.

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டிகால் என்றால் முதலில் அந்த இடத்தில் மட்டும் எக்ஸ்-22 கிளாஸ் பூச்சு. மேட் பரப்பு நுண்ணோக்கியில் பார்த்தால் கரடுமுரடு. டிகாலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். டிகாலைப் படியவைக்கும் திரவங்கள் இரண்டு உண்டு: மைக்ரோ செட் தடவி, டிகாலை வைத்து, ஈரம் வடிந்ததும் மேலே மைக்ரோ சால் ஒரு பூச்சு. டிகால் சுருங்கி அலை அலையாகத் தெரியும். பயந்து தொட்டால் கிழியும். தானே படியும்.

வாஷ்: அதிகம் உடையும் இடம்

வாஷ் என்பது இடுக்குகளில் நிழல் காட்டுவதற்காக நீர்க்கக் கரைத்த பெயின்ட். கேம்லின் ஆயில் ட்யூபில் பர்ன்ட் அம்பர், ஒரு பங்கு. மணமற்ற வெள்ளை ஸ்பிரிட் பத்துப் பங்கு. மெல்லிய தூரிகையால் ஆணித் தலைகளின் அடியிலும் பலகை இடுக்குகளிலும் மட்டும் தொடுங்கள். நீர் தானே ஓடி நிற்கும். உடல் முழுக்க ஊற்றிக் கழுவாதீர்கள்.

காரணம் அழகு மட்டுமல்ல. வெள்ளை ஸ்பிரிட் பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், அதுவும் வளைத்தோ அழுத்தியோ ஒட்டிய இடத்தில் ஊறினால் நுண் விரிசல்களில் புகுந்து அதைப் பிளந்துவிடும். கவிழ்த்து வைத்து அடிப்பாகத்துக்குத் தாராளமாக வாஷ் விட்டால், மறுநாள் அச்சுக் கைகள் தொட்ட மாத்திரத்தில் உதிர்கின்றன. பசை விட்டுவிட்டது என்று நினைப்பார்கள், பிளந்தது பிளாஸ்டிக். ஆகவே அடிப்பாகத்துக்கும் பெயின்ட் பூச வேண்டும், வாஷைக் கொஞ்சமாக விட வேண்டும், விட்டதும் வண்டியை நிமிர்த்திக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். ஹார்டுவேர் கடை டர்பன்டைன் வேண்டாம், பிசுபிசுப்பு மிஞ்சும்.

வங்காளத்துச் சேறு

1971 நவம்பர் 21 காலை, போய்ரா எல்லைப் பகுதியில் கரீப்பூரில், 14 பஞ்சாப் பட்டாலியனோடு நின்ற 45 கேவல்ரியின் பி.டி.-76கள் மூடுபனிக்குள் பாகிஸ்தானின் எம்-24 சேஃபி டாங்கிகளை எதிர்கொண்டன. போர் முறைப்படி தொடங்கியது டிசம்பர் 3இல். இது அதற்கும் முன்பு. மாடலுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: மாதம், இடம், பனி.

அந்தப் பருவம் நெல் அறுப்பு. வயலில் தாள் நிற்கும், மண் பாதி காய்ந்து பாதி ஈரம். இந்த இடம் இருக்கும் ஜெஸ்ஸோர் (இன்றைய வங்கதேசம்) பக்கத்து ஆற்று வண்டல் ஈரத்தில் சாம்பல் கலந்த பழுப்பு, காய்ந்தால் வெளிர் சாம்பல். பெட்டிப் படங்களில் வரும் செம்பழுப்பு இங்கே பொருந்தாது. நம் ஊர்ச் செம்மண் சாயலும் கூடாது.

செய்முறை: பிக்மென்ட் பொடி இரண்டு பங்கு, மெல்லிய பிளாஸ்டர் ஒரு பங்கு, அக்ரிலிக் பசை குழம்புப் பதம் வரும்வரை. இதில் 2 மில்லிமீட்டராக நறுக்கிய சணல் நாரைச் சிட்டிகை போடுங்கள், அதுதான் வைக்கோல். முதல் பூச்சு வெளிர், சக்கரங்களின் உட்புறத்திலும் அடிப்பாகத்திலும். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு இருண்டது, முதலாவதன் பாதி இடத்தில் மட்டும். கடைசியாக, டிராக்குக்கு அருகில் மட்டும் கிளாஸ் வார்னிஷ் கலந்த புது ஈரம். தெறிப்புக்கு மொட்டைத் தூரிகையில் எடுத்துப் பல்குத்தியால் தட்டுங்கள். முதல் தட்டு எப்போதும் தாளில். டிராக் சுழலும் திசையைப் பார்த்தால் தெறிப்பு பின்பாதியில்தான் அதிகம்.

அளவில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். உண்மையில் 3 செ.மீ. தடிப்புச் சேறு, 1/35இல் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. கரண்டியால் அப்பிய மாதிரி இருந்தால் அது ஓரடிச் சேறு. அப்பா ஊர் வயல் மண்ணைப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. போடலாம். வாணலியில் வறுத்துப் புழு பூச்சி போக்கி, பழைய வேட்டித் துணியில் இருமுறை சலித்து, அடியில் விழும் மாவை மட்டும் எடுங்கள். துணியில் நிற்பதெல்லாம் இந்த அளவில் கூழாங்கல். கடலோரத்து மண் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து வருடக்கணக்கில் கசியும்.

தரை அமைக்கிறீர்கள் என்றால் தென்னை வேண்டாம். ஜெஸ்ஸோர் ஈச்ச வெல்லத்துக்குப் பெயர் போன ஊர். ஒரு ஈச்ச மரம், தண்டில் வருடாவருடம் சீவிய வடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டு போல, உச்சியில் சாறு சேரும் சின்ன மண்கலயம். கலயத்துக்கு 6 மில்லிமீட்டர் போதும். எபாக்சி களிமண் உருண்டையில் பல்குத்தியால் வாயைக் குழித்தால் முடிந்தது. தண்டைச் சீவிச் சாறு இறக்குவது குளிர்காலத்தில் என்பதால் அந்த ஒரு கலயமே மாதத்தைச் சொல்லிவிடும்.

சாமான்கள், கடைசியில்

படுக்கைச் சுருளை டிஷ்யூ தாளில் செய்யுங்கள். 26 மில்லிமீட்டர் அகலத்தில் நான்காக மடித்து உருட்டி, நூலால் இரண்டு இடத்தில் கட்டி, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே வண்டியின் மேல் வைத்து வளைவைப் பிடிக்க விடுங்கள். காய்ந்ததும் எடுத்துத் தனியாகப் பெயின்ட் அடியுங்கள். தண்ணீர் கேன், வாளி, மண்வெட்டி, கயிறு எல்லாம் அப்படியே தனித்தனியாக.

இவற்றை ஒட்டாதீர்கள். பாசிப்பயறு அளவு புளூ டாக்கில் (எடுத்துவிடக்கூடிய ஒட்டுப் பிசின்) நிறுத்தி வையுங்கள். அப்பா குறித்துக் கொடுத்த நான்கு தாள்களையும் பக்கத்தில் வைத்து, வண்டியை அவர் உட்காரும் நாற்காலியின் கண் மட்டத்துக்குக் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள். சாமணத்தை அவர் கையில் கொடுங்கள். கை நடுங்கினால் அவர் விரல் காட்டும் இடத்துக்கு நீங்கள் நகர்த்துங்கள். வாளி இடப்பக்கம் போகும், சுருள் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும், தாளில் இல்லாத ஒரு கயிறு புதிதாக வரும். எல்லாம் நின்றபின் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து, புளூ டாக்கைத் துடைத்து, சூப்பர் குளூ ஒரு புள்ளியில் நிரந்தரமாக ஒட்டுங்கள். அதன்பிறகு எக்ஸ்எஃப்-86 மேட் பூச்சைச் சாமான்களுக்கு மட்டும் தூரிகையால் கொடுங்கள்; டிராக் பக்கத்து ஈரச் சேற்றின் மேல் படக்கூடாது. மூடிய அக்ரிலிக் பெட்டி 260க்கு 130 மில்லிமீட்டர் அடிப்பரப்பில் இருந்தால் குழல் நுனி இடிக்காது.